பதிவாளர் பாடிக்கு வர வேண்டும்: நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநிலத்தின் பிறப்பு இறப்பு முதன்மைப் பதிவாளராகிய பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், கூடலூர் கோட்டாட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பந்தலூர் வட்டத்தில் ஆதிவாசிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிறப்புப் பதிவும் சான்றிதழும் இல்லாத ஆதிவாசிக் குழந்தைகளுக்காக எழுதும் இந்த மடலை ஓர் ஒப்புதலோடு தொடங்குவதே முறை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் சேர வந்த பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாளை நானே இட்டிருக்கிறேன். தாயைக் கேட்டால் தேனெடுக்கப் போன காலம் என்பார், காப்பி பழுத்த நேரம் என்பார், பெருமழையில் பாலம் அடித்துப்போன வருடம் என்பார். நான் பிள்ளையை அருகே அழைத்து, வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வேன். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்ததாகக் கொண்டு மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வேன். பாடி என்று நாங்கள் சொல்லும் ஆதிவாசிக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த ஏழு பிள்ளைகள் ஒரே ஆண்டு மே 20ஆம் தேதி பிறந்தவர்களாக என் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் இருவர் இப்போது தாய்மார்கள். அவர்களுடைய ஆதார் அட்டையில் இருப்பது நான் கற்பனையாய் இட்ட தேதி. அவர்களுடைய குழந்தைகளுக்கோ அந்தக் கற்பனைத் தேதிகூட இன்னும் கிடைக்கவில்லை.

என் காலத்தில் ஒரு தலைமையாசிரியரின் பேனா இதைச் சமாளித்துவிட முடிந்தது. இனி முடியாது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசுப் பணி, கடவுச்சீட்டு, ஆதார் ஆகிய எல்லாவற்றிலும் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது உண்மையே. ஆனால் அந்தச் சட்டம் காப்பது எட்டாம் வகுப்பு வரையில்தான். அதற்கு மேலே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பட்டியல், கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொரு படியிலும் பிள்ளை கால் இடறும். திருத்தத்துக்குப் பின் பிறந்த முதல் குழந்தைகள் 2029 ஜூனில் முதல் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களில் எத்தனை பேரின் கையில் சான்றிதழ் இருக்கும் என்பது இப்போது தாங்கள் செய்வதையோ செய்யாமல் விடுவதையோ பொறுத்தது.

இதற்குப் புதிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. பழைய சட்டத்தின் ஒரு வரியை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். பதிவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, பதிவாளர் கட்டணமோ வெகுமதியோ பெறாமல் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்வதோடு நிற்கவில்லை. தம் எல்லைக்குள் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வோர் இறப்பையும் அவர் தாமே கருத்தாக அறிந்துகொள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும், வேண்டிய விவரங்களைத் தேடித் திரட்டிப் பதிய வேண்டும் என்றும் அது கடமை விதிக்கிறது. எங்கள் ஊர்களில் இந்த ஏற்பாடு தலைகீழாக நடக்கிறது. கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, கையில் குழந்தையோடு தாய்தான் பதிவாளரைத் தேடிப் போகிறாள். அவர் இல்லையென்றால் இன்னொரு நாள் போகிறாள். மூன்றாவது நாள் போவதில்லை. போகாத அந்த மூன்றாவது நாளைத்தான் நாம் ‘பழங்குடியினரிடையே விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கைகளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படி எழுதியவன்தான்.

பிறப்புகள் எங்கே நழுவுகின்றன என்பதை அறிந்தவரையில் சொல்கிறேன். மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நழுவுவதில்லை. அங்கே தகவல் தர வேண்டியவர் மருத்துவமனைப் பொறுப்பாளர். பதிவாகிவிட்ட பிறப்புக்குச் சான்றிதழை வாங்காமல் விடுவதும், வாங்கியதை மழையிலோ யானை இடித்த சுவரோடோ இழப்பதும் அங்குள்ள சிக்கல். இணையத்தில் மீண்டும் எடுத்துவிடலாம் என்பதால் அது தீர்க்கக்கூடியது. நழுவுவது வீட்டில் பிறப்பவர்களும் வழியில் பிறப்பவர்களும் எல்லை தாண்டிப் பிறப்பவர்களும்தான்.

வழியில் பிறந்த ஒரு குழந்தையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அய்யன்கொல்லிப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கள் பகுதியின் பலருக்கும் உதகையைவிட, ஏன், கூடலூரையும்விட, கேரளத்தின் சுல்தான் பத்தேரிதான் பக்கம். ஆகவே வண்டி தாளூர் வழியாக அந்தத் திசையில் போனது. எல்லைக்கு முன்பே வலி முற்றியது. சாலையோரம் வண்டியை நிறுத்தினார்கள், மாமியார் தொப்புள்கொடியைத் துணியால் கட்டினார், பிறகு எல்லை தாண்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினார்கள். மருத்துவமனையில், பிரசவம் இங்கே நடக்கவில்லை, ஆகவே இங்கே பதிய இயலாது என்றார்கள், அது சரிதான். இங்குள்ள ஓர் அலுவலகத்தில், சிகிச்சை பெற்றது அந்த மாநிலத்தில், ஆகவே அங்கிருந்து எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள், அது சரியன்று. பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. குடியிருக்கும் இடமோ சிகிச்சை பெற்ற இடமோ கணக்கில்லை. ஓடும் வண்டியில் பிறந்தால், வண்டிக்குப் பொறுப்பானவர் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி. ஓடும்போது பிறந்ததாகக் கொண்டாலும் முதலில் நின்ற இடம் தமிழ்நாடு. நின்றபின் பிறந்ததாகக் கொண்டாலும் அதே தமிழ்நாடு. எப்படிக் கணக்கிட்டாலும் அக்குழந்தை பந்தலூர் வட்டத்தில் பிறந்தவள். ஆனால் இந்த விதி ஜீப் ஓட்டியவருக்குத் தெரியாது, தாய்க்கும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியவருக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். சிறுமி அங்கன்வாடியில் மற்றவர்களுக்கு முன்னால் நின்று பாட்டுச் சொல்கிறாள். அரசின் ஏட்டில் அவள் இன்னும் பிறக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுடைய பதிவு கேரளத்து உள்ளாட்சி அமைப்பின் ஏட்டில் ஒழுங்காக இருக்கும். வாங்கி வருவதுதான் அரிது. வாங்கி வந்த சான்றிதழிலும் தாயின் பெயர் மலையாள ஒலிப்பில் ஒரு விதமாகவும், இங்குள்ள குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். மாரன், கெம்பி, வெள்ளச்சி போன்ற பெயர்களை எழுதத் தெரியாத எழுத்தர்கள் இரு மாநிலங்களிலும் உண்டு. ஓரெழுத்து மாறியதற்காக ஒரு குடும்பத்தை நான்கு முறை அலையவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பிழை திருத்தும் அதிகாரத்தைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பதிவாளருக்கே கொடுத்திருக்கிறது. ஆட்சியர் அவர்கள் வயநாடு மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, பந்தலூர், கூடலூர் வட்டங்களின் தாய்மார்களுக்கு அங்கே நடந்த பிரசவங்களின் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை பெற ஏற்பாடு செய்தால், தனித்தனியாக ஒவ்வொரு குடும்பமும் மலை இறங்கி ஏற வேண்டியிராது. வயநாட்டிலிருந்து வேறொன்றும் கற்கலாம். பழங்குடி மக்களுக்கு ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே முகாமில் முடித்துக்கொடுத்து, ஆவணங்களை டிஜிலாக்கர் என்னும் இணையப் பெட்டகத்தில் சேமித்தும் தரும் பணியை ‘ஏபிசிடி’ என்ற பெயரில் ஊராட்சி ஊராட்சியாக அங்கே செய்தார்கள். கூரை ஒழுகும் வீட்டில் காகிதத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் அது விடையாயிற்று.

இனித் தோட்டங்கள். சட்டத்தின் 9ஆம் பிரிவு, தோட்டத்தில் நிகழும் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமையைத் தோட்டக் கண்காணிப்பாளரின் மேல் வைக்கிறது. 4 ஹெக்டேருக்குக் குறையாத, தேயிலை, காப்பி, மிளகு, ஏலம் போன்றவை விளையும் நிலம் எதுவும் அதில் அடங்கும்; நீலகிரியில் எப்போதோ வழக்கொழிந்துபோன சின்கோனாவைக்கூடச் சட்டம் மறக்கவில்லை. எங்கள் வட்டத்தில் ஆதிவாசிக் குடியிருப்புகளில் பல இத்தகைய தோட்டங்களின் நடுவிலோ ஓரத்திலோ இருப்பவை. இத்தனை ஆண்டுகளில் இந்தக் கடமையை அறிந்த ஒரு தோட்ட மேலாளரையும் நான் சந்தித்ததில்லை. எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்திலிருந்தே தொடங்கலாம்.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது முகவரியையும் சொல்லியாக வேண்டும். பிறப்புப் பதிவுச் சட்டம் வந்த அதே 1969இல்தான் கூடலூர் ஜென்ம நில (பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் வரும், உரிமை இன்னும் முடிவாகாத நிலங்களின் வழக்கு இன்றுவரை எங்கள் ஊர்களின் தலைக்கு மேல் தொங்குகிறது. அந்நிலத்தில் உள்ள வீட்டுக்குப் பட்டா இல்லை, பலவற்றுக்குக் கதவு எண்ணும் மின் இணைப்பும் இல்லை. அங்கே வசிப்பவரிடம் முகவரிச் சான்று கேட்பது, இல்லாததைக் கொண்டுவரச் சொல்வதாகும். மேலும், நெல்லியாளம் நகராட்சியின் எல்லை காட்டையும் தோட்டத்தையும் ஊடறுத்துப் போவதால், ஒரு பாடியின் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலரா, நகராட்சியின் சுகாதாரப் பிரிவா என்பதே அங்கு வாழ்பவர்களுக்குத் தெரிவதில்லை. பதிவாளரின் பெயரையும் அவர் இருக்கும் நாள், நேரத்தையும் உள்ளூர் மொழியில் அலுவலக வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பலகையை ஒவ்வோர் அங்கன்வாடிச் சுவரிலும் வைக்கும்படி பணிவுடன் கேட்கிறேன்.

ஆவணங்களைப் பற்றி இரண்டு செய்திகள். பெற்றோரின் ஆதார் எண்ணைப் படிவத்தில் கேட்கும் 2023 திருத்தம், ‘இருந்தால்’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சொல் வட்ட அலுவலகத்துக்கு வருவதற்குள் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. இரண்டாவது, கருவுற்ற தாய்க்குக் கிராம சுகாதார செவிலியர் பெற்றுத்தரும் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய் சேய் நலப் பதிவு) எண். தாய்க்கும் சேய்க்கும் நல்லது செய்யவே அது வந்தது; மகப்பேறு உதவித்தொகைக்கும் தடுப்பூசிக்கும் அதுவே வழி. ஆனால் அது இல்லாமல் பிறப்புப் பதிவு இல்லை என்று ஆகும்போது, கருவுற்ற மாதங்களில் குடகிலோ வயநாட்டிலோ இஞ்சிக் காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் கூலி வேலைக்குப் போயிருந்த தாயின் குழந்தைக்கு அது தண்டனையாகிவிடுகிறது. பிறந்த பின்னும் அந்த எண்ணை வழங்கிக்கொள்ள வழிசெய்து, பதிவை முதலில் முடிக்கும்படி இயக்குநர் அவர்கள் தெளிவான ஆணை இட வேண்டும்.

சொல்லத் தயக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிறையாத தாய்மார்கள் சிலர் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பது குடும்பத்துக்குத் தெரியும். ஆகவே பிரசவம் வீட்டிலேயே நடக்கிறது, பிறப்பும் மறைக்கப்படுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோய் அடுத்த ஆண்டு இடுப்பில் பிள்ளையோடு வந்த மாணவிகளைக் கண்டவன் நான். ஆயினும் பெற்றோரின் வயதோ திருமணமோ பிறப்புப் பதிவுக்கு முன்நிபந்தனை ஆகாது. மணமாகாத தாயோ தனித்து வாழும் தாயோ தானே தகவல் தரலாம் என்று 2023 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. அத்தகைய தாய் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தந்தால் சான்றிதழ் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2015லேயே கூறியிருக்கிறது. தந்தை பெயரில்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்று எந்தத் தாயையும் இனித் திருப்பி அனுப்பக் கூடாது.

இப்போது ஏற்கெனவே விடுபட்டவர்களைப் பற்றி. 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை எழுத்துப்பூர்வமான அனுமதி. ஓராண்டு கடந்தால் ஆணை பெற்றே பதிய முடியும். முன்பு முதல் வகுப்பு நடுவர் (மாஜிஸ்திரேட்) ஆணையிட வேண்டும் என்றிருந்ததை, மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஆட்சியர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரோ ஆணையிடலாம் என்று திருத்தம் எளிதாக்கியிருக்கிறது. எளிதானது சட்டத்தில்தான். பதிவில்லை என்ற சான்று ஓர் அலுவலகத்தில், வயதைக் குறிக்கும் மருத்துவர் சான்று ஒரு மருத்துவமனையில், விசாரணை அறிக்கை இன்னோர் இடத்தில், ஆணை கூடலூரில் என்று அலையும் குடும்பத்துக்கு எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. காலைப் பேருந்துக்கு இருட்டில் இறங்கி நடந்தால் பாதையில் யானை நிற்கும். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் திரும்பி வருவதும் அப்படித்தான்.

ஆகவே கோட்டாட்சியர் அவர்களை நான் கேட்பது, தங்கள் அமர்வைப் பாடிக்கே கொண்டுவாருங்கள் என்பதே. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை 1989 முதல் கோட்டாட்சியரே வழங்கி வருகிறார். தாமதப் பிறப்பு ஆணையை வழங்கக்கூடியவரும் அவரே. ஒரே கையெழுத்து அதிகாரம், ஒரே குடும்பம், ஒரே விசாரணை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேசையில் முடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? கிராம நிர்வாக அலுவலர், சுகாதார ஆய்வாளர், மருத்துவர் ஒருவர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் கூட இருந்தால் போதும். தடுப்பூசி அட்டையும் அங்கன்வாடி எடைப் பதிவேடும், சென்னையிலிருந்து வர வேண்டிய ஆவணங்கள் அல்ல. அதே ஊரில், அந்த மேசைக்கு வரக்கூடியவர்களின் கையிலேயே இருப்பவை. அவற்றைப் போதிய சான்றாக ஏற்க வேண்டும்.

மேடை, பதாகை, பொன்னாடை கொண்ட பெருமுகாம் ஒன்றைக் கூடலூரில் நடத்த வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறேன். அப்படி ஒன்றுக்குப் போனேன். காலை பத்து மணிக்கு லாரியில் அழைத்துவரப்பட்ட காட்டுநாயக்கர் பெண்கள் மதியம் வரை பேச்சுகளைக் கேட்டார்கள். பிறகு பெரியவர்களுக்கு மட்டும் அட்டை தந்தார்கள். கைக்குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முகாம் சிறிதாக, ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பு, காப்பிப் பறிப்பு முடிந்து ஆட்கள் ஊர் திரும்பியிருக்கும் மார்ச், ஏப்ரலில் நடக்கட்டும். பணியர் மொழியும் பெட்டக் குறும்பர் மொழியும் பேசுகிற, அந்தச் சமூகங்களைச் சேர்ந்த படித்த இளைஞர் ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் இருக்கட்டும். முதன்மைப் பதிவாளரின் முன்அனுமதியோடு துணைப் பதிவாளர்களை அமர்த்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கு அவர்களையே நிலையாக அமர்த்தலாமா என்று இயக்குநர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது பெரிய வேலை என்று யாரேனும் சொல்லக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. அதில் பழங்குடியினர் 32,813 பேர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த பழங்குடிகளாக ஒன்றிய அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தை எந்த மலைச்சரிவுக்கும் சுமந்து செல்கிற நிர்வாகத்துக்கு, ஒரு பதிவேட்டைச் சுமந்து செல்வது கடினமன்று. சீகூர்ப் பக்கத்துச் சொக்கநள்ளி, சிறியூர்களுக்கும், கோத்தகிரிச் சரிவின் இருளர், ஆலு குறும்பர் ஊர்களுக்கும் இதே தேவை உண்டு. எனக்கு நேரில் தெரிந்தது பந்தலூர் என்பதால் பந்தலூரைப் பற்றி எழுதினேன்.

நானும் ஓய்வுபெற்ற இரண்டு அங்கன்வாடிப் பணியாளர்களும் மூன்று மாதம் நடந்து, ஆறு பாடிகளில் சான்றிதழ் இல்லாத குழந்தைகளின் பட்டியல் ஒன்றை எடுத்திருக்கிறோம். தாயின் பெயர், பிறந்த இடம், அப்போது உடனிருந்தவர், தடுப்பூசி அட்டையின் முதல் தேதி ஆகியவற்றோடு 37 குழந்தைகள். அவர்களின் விவரம் பொதுவெளிக்கு உரியதன்று என்பதால் இம்மடலில் சேர்க்காமல், மூன்று அலுவலகங்களின் தபால் பிரிவிலும் தனித்தனியே கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றுள்ளேன். பட்டியலில் 11ஆம் எண்ணிலும் 29ஆம் எண்ணிலும் குழந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருப்பதை விடுபட்ட பிழையாகக் கொள்ள வேண்டாம். அவர்களுக்கு இன்னும் பெயரிடவில்லை. பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம் என்றும், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன்; தாங்கள் வரும் நாளுக்குள் பெயர் வைத்துவிடுவதாக அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.